எந்த அலைக்கு எந்தப் பலகை: சர்ஃப் போர்டு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃபிங் பழக வருகிறவர்கள், ஓரிரு மாதம் வாடகைப் பலகையில் ஏறி, விழுந்து, எழுந்த பிறகு, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கரையில் நின்று பலமுறை சொன்ன விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். சென்னைக்குத் தெற்கேயுள்ள கரையையும், இங்கிருந்து பலர் அலை தேடிப் போகும் இலங்கையின் அறுகம்பையையும் மனத்தில் வைத்தே இவற்றை எழுதியிருக்கிறேன்.

முதல் பலகையாக எதை வாங்க வேண்டும்?

எட்டு அடி முதல் ஒன்பது அடி வரை நீளமுள்ள சாஃப்ட் டாப் பலகையை வாங்குங்கள். மேற்பரப்பு மென்மையான நுரையால் ஆனது என்பதால், தலையிலோ தோளிலோ பட்டாலும் காயம் பெரிதாக இருக்காது. பக்கத்தில் நீந்துகிற சிறுவன் மீது மோதினாலும் அப்படியே. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் பாதுகாப்பன்று. நீளமும் அகலமும் பருமனும் உள்ள பலகை நீரில் நன்றாக மிதக்கும், கையால் துழாவும்போது எளிதில் வேகம் பிடிக்கும், அலை இன்னும் உடையாமல் மெல்லச் சரியும் நிலையிலேயே அதில் ஏறிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் மூன்று அலை பிடிப்பவரைவிட இருபது அலை பிடிப்பவர் விரைவாகக் கற்றுக்கொள்கிறார். தொடக்கக் காலத்தில் பலகையிடம் எதிர்பார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கை ஒன்றைத்தான்.

நீச்சல் நன்றாகத் தெரியும், உடற்பயிற்சியும் செய்கிறேன். நேராக ஷார்ட் போர்டு என்ற குட்டையான, மெல்லிய பலகையில் தொடங்கக் கூடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத இளைஞர் அரிது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 5 அடி 10 அங்குலப் பலகையில் படுத்துக் கடலுக்குள் போவதைக் கரையிலிருந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். பலகை முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். தோளும் தலையும் மட்டுமே வெளியே தெரியும். உள்ளங்கை ஒவ்வொரு முறை நீரை இழுக்கும்போதும் பலகை பக்கவாட்டில் ஆடும். அதைச் சமன்படுத்துவதற்காக அவர் கால்களை விரிப்பார். விரித்த கால்கள் நீரைத் தடுத்து, வந்த வேகத்தையும் குறைத்துவிடும். பின்னால் வந்த அலை அவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரை விட்டுவிட்டு முன்னே போய்விடும். இப்படி அரை மணி நேரம் போனால் தோள் ஓய்ந்துவிடுகிறது. அந்தத் தோள் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் நிலைமை இதுதான். நீச்சல் வலிமை பாதுகாப்புக்கு மிகவும் உதவும். பலகையின் மிதப்புக் குறைவை அது ஈடுசெய்யாது.

பலகையின் அடியில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

நீளம், அகலம், பருமன் என்ற வரிசையில், அடியிலும் அங்குலத்திலும் எழுதியிருப்பார்கள். 9 அடி, 22½ அங்குலம், 3 அங்குலம் என்றால் அது லாங் போர்டு. 5 அடி 10 அங்குலம், 18¾ அங்குலம், 2¼ அங்குலம் என்றால் அது தேர்ந்தவர்களின் ஷார்ட் போர்டு. இவற்றோடு நான்காவதாக லிட்டர் கணக்கில் கொள்ளளவும் இன்று பெரும்பாலான பலகைகளில் குறிக்கப்படுகிறது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுவே.

கரையில் புழங்கும் நடைமுறைக் கணக்கு ஒன்று உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு, உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டராவது பலகையில் இருக்க வேண்டும். அதற்கு மேலும் இருந்தால் நல்லது. உடையாத பச்சை அலையைத் தானே பிடித்துப் பக்கவாட்டில் ஓடத் தெரிந்தவருக்கு, எடையில் பத்தில் ஆறு அல்லது ஏழு பங்கு போதும். பல ஆண்டுகள் பழகிய தேர்ந்தவர் பத்தில் நான்கு பங்கிலேயே ஓட்டிவிடுவார். ஆகவே அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 65 லிட்டருக்கு மேல் தொடங்கி, நாளடைவில் 40 லிட்டர் பக்கம் வரலாம். வயது ஏறினாலும், வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே கடலுக்கு வர முடிந்தாலும், இந்தக் கணக்கில் இன்னும் ஐந்து லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் வருபவரின் தோளுக்கு அந்த ஐந்து லிட்டர் பெரிய உதவி.

நம் கரையில் அலை எப்படிப்பட்டது? அதற்கும் பலகைக்கும் என்ன தொடர்பு?

பலகையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு வரும் நல்ல அலைகள் வங்கக் கடலில் பிறந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்றுகள் எழுப்பிய அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, ஒழுங்கான வரிசைகளாகப் பிரிந்து இங்கே வந்து சேர்கின்றன. வழியில் இலங்கைத் தீவு மறைப்பாக நிற்பதால் தென்மேற்கிலிருந்து வருவனவற்றின் வலிமையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. அந்த மறைப்புக்கு நேர் பின்னாலிருக்கும் பாக் நீரிணைக் கரையில், சர்ஃபிங் செய்யும்படியான அலை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில், காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று வீசும். மீனவர் இதைக் கச்சான் என்பார்கள். அது அலையின் முகத்தை எதிர்நின்று தாங்கிப் பிடிப்பதால், அலை உடனே நொறுங்காமல் நிமிர்ந்து, வழவழப்பாக நீண்டு ஓடும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து அந்த முகத்தைக் கலைத்துவிடும். நம் ஊரில் சர்ஃபிங் விடியற்காலை வேலையாக இருப்பது இதனால்தான். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கினால் அலை உயரமாகும். ஆனால் அது அருகிலேயே காற்றால் எழுந்த அலை என்பதால் ஒழுங்கிருக்காது, நீரோட்டமும் கடுமையாகும். புயற்சின்னம் இருக்கும் நாட்களில் கடலுக்குள் இறங்கவே கூடாது.

அலை தெற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கிய கரையில் சாய்வாக மோதுவதால், பாறை முனைகளில் அது வலப்பக்கமாக உரிந்துகொண்டு ஓடும். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிய முனையில் இதைக் காணலாம். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அலை இடுப்பு முதல் மார்பு வரைதான் இருக்கும். தலைக்கு மேல் எழும் நாட்கள் குறைவு. வலிமை குறைந்த, சாய்வு குறைந்த அலைக்கு மிதப்பும் பரப்பும் உள்ள பலகை வேண்டும். செங்குத்தாக எழுந்து குழலாகச் சுருளும் அலைக்கு மெல்லிய, வளைந்த பலகை வேண்டும். நம் கரைக்கு முதல் வகையே பொருந்தும்.

அப்படியானால் இங்கே லாங் போர்டே போதுமா?

என்னைக் கேட்டால், கோவளம் பக்கம் வசிப்பவருக்கு ஆண்டில் அதிக நாள் பயன்படுவது ஒன்பதடி லாங் போர்டுதான். முழங்கால் உயர அலையிலும் ஓடும். கூட்டம் இல்லாத இடத்தில் தூரத்திலேயே அலையைப் பிடித்துக் கரைவரை வரலாம். சமநிலை வந்த பிறகு, ஓடுகிற பலகையின் மேல் கால் மாற்றி மாற்றி மூக்கு எனப்படும் முன்நுனிவரை நடந்து போகிற கலை ஒன்று இருக்கிறது. வால்பகுதியை அலையின் நீர் மேலிருந்து அழுத்திக்கொண்டிருப்பதால், முன்னே நிற்பவரின் எடையைப் பலகை தாங்குகிறது. பழகியவர் காலின் விரல்கள் பலகையின் நுனியைத் தாண்டி நீருக்கு மேல் தொங்கும் அந்தச் சில நொடிகளைப் பார்த்தவர்கள், இது கற்றுக்குட்டிகளின் பலகை என்று மறுபடி சொல்ல மாட்டார்கள்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். எதிர்வரும் அலைக்கு அடியில் இதை அமுக்கிக்கொண்டு மூழ்கிப் போக முடியாது; பலகையோடு தலைகீழாகப் புரண்டு அலையைக் கடத்த வேண்டும். பேருந்திலோ சிறிய காரிலோ கொண்டுவரவும் முடியாது. கையிலிருந்து நழுவினால் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து. எனவே பலகையை ஒருபோதும் கைவிடாமல் பிடித்திருக்கக் கற்றுக்கொண்ட பிறகே கூட்டமான இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

நம் கட்டுமரத்துக்கும் இதற்கும் உறவு உண்டா?

நேரடியான வழித்தொடர்பு இல்லை. நின்றுகொண்டு அலையில் சறுக்கும் கலை ஹவாய்த் தீவுகளில் வளர்ந்தது. அங்கே கோவா, விலிவிலி ஆகிய மரங்களில் பலகை செய்தார்கள். ஆயினும் இலகுவான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, உடைகிற அலையைத் தாண்டிப் போகவும், திரும்பும்போது அதே அலையின் மீது ஏறிக் கரை சேரவும் நம் மீனவர்களும் பல தலைமுறைகளாகப் பழகியிருக்கிறார்கள். கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவார்கள். நீர் ஊறிய மரம் கனத்துவிடும் என்பது காரணம். கனம், மிதப்பு, நீளம் ஆகிய மூன்றையும் எடைபோடும் அந்த அறிவு, கோவளத்தில் சர்ஃபிங் கற்றுத்தரும் மீனவர் குடும்பத்து இளைஞர்களிடம் நன்றாகவே தெரிகிறது. பலகை வாங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நடுநீளப் பலகை என்பது என்ன?

ஏழடிக்கும் எட்டரை அடிக்கும் இடைப்பட்டது. லாங் போர்டில் நிலைபெற்று, திருப்பங்களைப் பழக விரும்புபவருக்கு அடுத்த படி இது. ஒரே ஒரு பலகைதான் வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்கு நான் 7 அடி 6 அங்குலத்தைச் சொல்வேன்.

ஃபிஷ் பலகையைப் பலரும் புகழ்கிறார்கள். அது யாருக்கு ஏற்றது?

1967ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த ஸ்டீவ் லிஸ், முழங்காலிட்டு ஓட்டுவதற்காகக் குட்டையான, அகன்ற, மீன்வால்போலப் பிளந்த வால் கொண்ட பலகை ஒன்றைச் செய்தார். நின்று ஓட்டுபவர்களும் அதைக் கைக்கொள்ள, அதுவே இன்றைய ஃபிஷ் ஆனது. நீளம் பெரும்பாலும் ஐந்தரை அடிக்கும் ஆறடிக்கும் நடுவே. ஆனால் அகலம் 20 அல்லது 21 அங்குலம் இருப்பதால் மிதப்புக்குக் குறைவில்லை. அடிப்பகுதி ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். வால் பக்கம் அடியில் பொருத்தும் துடுப்புகளான ஃபின் இரண்டே. வலிமையற்ற அலையிலும் தானாகவே வேகம் எடுப்பது இதன் சிறப்பு என்பதால், ஜூன், ஜூலை மாதங்களின் மார்பளவு அலைக்கு மிகவும் பொருந்தும். பச்சை அலையில் இருபுறமும் திரும்பத் தெரியாதவர் இதை வாங்கினால், வேகம் வரும், ஆனால் திசை கையில் இருக்காது. ஆகவே குறைந்தது ஒரு பருவமாவது நீண்ட பலகையில் பழகிவிட்டு வாருங்கள்.

ஷார்ட் போர்டுக்கு எப்போது மாறலாம்?

பலகையைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கும் வாலும் தரையிலிருந்து மேலெழுந்து நிற்கும். இந்த வளைவை ராக்கர் என்கிறார்கள். லாங் போர்டில் இது குறைவு. ஷார்ட் போர்டில் மிகுதி. வளைவு மிகுந்த பலகை செங்குத்தான அலையில் மூக்குக் குத்தாமல் இறங்கும், குறுகிய இடத்தில் திரும்பும். ஆனால் அதே வளைவு, தட்டையான அலையில் முன்னால் இருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டே போவதால் வேகத்தைத் தின்றுவிடும். ஓட்டுபவர்தான் உடலை மேலும் கீழும் அழுத்தி, விலகி, வேகத்தை உண்டாக்க வேண்டும். அலையின் எந்த இடத்தில் ஆற்றல் இருக்கிறது என்பதைக் கண் அறிந்து, அங்கே தானாகப் போகிற பழக்கம் வந்தவருக்கே அது இயலும். தலைக்கு மேல் எழும் அலையிலும் பதற்றமில்லாமல் இறங்க முடிகிறது, பெரும்பாலும் நினைத்த அலையைத் தவறவிடுவதில்லை என்ற நிலை வந்தபின் மாறுங்கள். அப்போதும் ஒரேயடியாக மூன்றடி குறைக்க வேண்டாம்.

கன் எனப்படும் நீண்ட கூர்முனைப் பலகை தேவைப்படுமா?

தேவைப்படாது. அது ஹவாய் போன்ற இடங்களில் மிகப் பெரிய அலைகளுக்கென்று செய்யப்படுவது.

அறுகம்பைக்குப் போகிறேன். எந்தப் பலகையை எடுத்துச் செல்வது?

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்கு அருகில் உள்ள அறுகம்பையில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். தெற்கிலிருந்து வரும் அலையை நம் கரையைவிட நேரடியாக அது பெறுவதால், அலை வலிமையாகவும் நீண்டும் ஓடும். அங்குள்ள முக்கிய அலை முனையான மெயின் பாயிண்டில் அடித்தளம் பவளப் பாறை. கடல் முள்ளெலிகளும் உண்டு. அலையைப் பிடிக்கத் தேர்ந்தவர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். அங்கே ஃபிஷ், ஆறடிக்குச் சற்று மேற்பட்ட ஷார்ட் போர்டு, அல்லது நடுநீளப் பலகை நன்றாக இருக்கும். புதியவர்கள் பேபி பாயிண்டிலோ, வடக்கே இருக்கும் விஸ்கி பாயிண்டிலோ சாஃப்ட் டாப்பில் பழகலாம். அலைகள் எல்லாம் வலப்பக்கம் ஓடுபவை என்பதால், இடக்காலை முன்வைத்து நிற்பவருக்கு அலை முகத்துக்கு நேராக இருக்கும். வலக்காலை முன்வைப்பவர் முதுகைக் காட்டி ஓட வேண்டும். வலக்காலை முன்வைப்பவராக இருந்தால், பழகிய பலகையைவிட இரண்டு, மூன்று அங்குலம் நீளமானதை எடுத்துக்கொண்டால் எழுந்து நிற்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

அங்கே வாடகைக்குப் பலகைகள் நிறையக் கிடைக்கின்றன. லாங் போர்டை விமானத்தில் ஏற்றிச் செல்லும் சிரமத்துக்கு அவசியமில்லை.

ஃபின் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இருக்கிறதே, எது நல்லது?

1935இல் அமெரிக்கச் சர்ஃபர் டாம் பிளேக் பலகையின் அடியில் ஒரு ஃபின்னைப் பொருத்தும்வரை, திருப்புவதற்குக் காலைத்தான் நீரில் இழுத்து வந்தார்கள். ஒற்றை ஃபின் நேராகவும் நிதானமாகவும் போகும். லாங் போர்டுக்கு அதுவே அழகு. இரட்டை ஃபின் தளர்வாகத் திரும்பும், வேகமாக ஓடும், செங்குத்தான அலையில் பிடிப்பு குறையும். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980இல் மூன்று ஃபின் அமைப்பை உருவாக்கி, 1981இல் பெல்ஸ் பீச் போட்டியில் மிகப் பெரிய அலைகளில் அதைக்கொண்டே வென்றார். வேகமும் பிடிப்பும் ஒருசேரக் கிடைத்ததால் அதுவே பொது வழக்கமாகிவிட்டது. நான்கு ஃபின், வேகம் வேண்டுவோருக்கு. ஐந்து துளைகள் உள்ள பலகை வாங்கினால் மூன்றையும் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

பியூ, எபாக்ஸி இரண்டில் எதை வாங்குவது?

பியூ என்பது பாலியூரித்தேன் நுரையின் மேல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் ரெசினும் (பூசியபின் இறுகும் பிசின்) பூசியது. சற்றுக் கனமானது, அலையின் மேல் நிலையாக அமர்வது, பழுதுபார்க்க எளிது. எபாக்ஸி என்று கடைகளில் சொல்வது, பாலிஸ்டைரீன் நுரையின் மேல் எபாக்ஸி ரெசின் பூசியது. இலகுவாக மிதக்கும், சிறிய அடிகளைத் தாங்கும். ஆனால் விரிசல் விழுந்தால் அந்த நுரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சிறிய அலைக்கு எபாக்ஸி, காற்றோடும் அலைக்குழப்பத்தோடும் இருக்கும் கடலுக்குப் பியூ என்று நான் பிரித்துக்கொள்கிறேன். எதுவானாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். நம் மே மாத வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேல்தோல் நுரையிலிருந்து கொப்புளம்போல் எழுந்துவிடும். பலகைக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

லீஷும் வாக்ஸும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

லீஷ், அதாவது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறுகிய லீஷ் பலகையை உங்கள் மீதே இழுத்துவரும். 1971இல், ரப்பர்க் குழாயால் ஆன ஆரம்பகால லீஷ் இழுபட்டுத் திரும்பியபோது, குளிர்நீர் உடைகள் செய்து புகழ்பெற்ற ஜாக் ஓநீலின் இடக்கண்ணைப் பலகை தாக்கிப் பார்வையைப் பறித்தது. இன்றைய யூரித்தேன் கயிறு அவ்வளவு சுண்டாது என்றாலும், விழுந்து நீருக்கு மேல் வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டே வாருங்கள். கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் தேய்க்கும் வாக்ஸில் வெப்ப மண்டலத்துக்கென்று குறித்ததை மட்டும் வாங்குங்கள். குளிர் நீருக்கான வாக்ஸ் நம் கடலில் உருகி, நெஞ்சில் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

பழைய பலகை வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம், முதல் இரண்டு பலகைகளைப் பழையனவாகவே வாங்குவது நல்லது என்பேன். பகல் வெளிச்சத்தில், வாக்ஸ் முழுவதையும் சுரண்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாக்ஸின் அடியில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். கட்டைவிரலால் மூக்கிலிருந்து வால்வரை ஓரடிக்கு ஓரிடமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கேனும் விரல் அமிழ்ந்து, விட்டவுடன் மெல்லிய நெறுநெறுப்புக் கேட்டால், அங்கே தோல் நுரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். குதிகால் பதிந்த சிறு பள்ளங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுப்பகுதியில் குறுக்காக ஓடும் கோடு இருபுறமும் தெரிந்தால், முறிந்து ஒட்டிய பலகை, விட்டுவிடுங்கள். ஃபின்னைப் பொருத்திப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, துளையைச் சுற்றி விரிசல் திறக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

எனக்கே பழுதுபார்க்க வருமா?

சிறிய விரிசல் என்றால் வரும். முதலில் பலகையை நிழலில் பல நாள் உலர விடுங்கள். ஈரத்தின் மேல் பூசிய ரெசின் பிடிக்காது, உள்ளே நின்ற உப்புநீரும் வெளியேறாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் இறுகும் ரெசினை நிழலிலேயே பூசிச் சமப்படுத்தி, அதன் பின்னர் சில நிமிடம் வெயிலில் காட்டினால் இறுகிவிடும். வாங்குவதற்கு முன் ரெசின் குழாயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். பாலியெஸ்டர் ரெசினை எபாக்ஸிப் பலகையின் திறந்த நுரையில் ஊற்றினால், நுரை கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸி ரெசினை இரண்டு வகைப் பலகைக்கும் பயன்படுத்தலாம் என்பதால், ஐயம் இருந்தால் அதையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.